நூறு வந்தால் நூற்றுப் பதினெட்டு

ஹினாவான் மலை முகாம், நீக்ரோஸ் தீவு
செப்டம்பர் 8, 1997

டோங்,

‘மதிப்பிற்குரிய நிதி அதிகாரி அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ பிறந்த அன்றிலிருந்து தம்பியை டோங் என்றே கூப்பிட்ட வாய் இது. கையும் அதையேதான் எழுதுகிறது, என்ன செய்ய.

வியாழக்கிழமை காலை முகாம் ரேடியோவில் மணிலா அலுவலகம் பேசியது. அந்த ரேடியோவில் பேசினால் நான் மட்டுமா கேட்பேன்? துளையிடும் ரிக் எந்திரத்து ஆட்கள், டிரைவர்கள், சமையற்கட்டு, எல்லோரும் கேட்பார்கள். “பதினொண்ணாம் கிணறு வேண்டாம்னு போர்டுக்கு நிதி அதிகாரி கலும்பாங் எழுதிக் கொடுத்திருக்காரு. ரிக்கைத் திருப்பி அனுப்பத் தயாரா இருங்க, ஓவர்.” சமையல் செய்யும் பெபெங் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“எந்தக் கலும்பாங், இஞ்சினியரம்மா? உங்க தம்பியா?”

“உலகத்துல ஒரே ஒரு கலும்பாங்தான் இருக்கானா?”

“மணிலாவுல நிதி அதிகாரியா ஒருத்தர்தான் இருக்காரு” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று மீன் கருகிப் போயிருந்தது.

என்னிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மலையில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். நீ ஒரே ஒரு தடவை வந்தாய். மழை என்று காரை விட்டே இறங்கவில்லை. உனக்கு நாங்கள் கணக்குத் தாளில் ஒரு வரி, ‘துளையிடல் செலவு’. எனக்கு அப்படியில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு துளை போடுகிறோம். அது இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே போகிறது. அங்கே என்றைக்கோ பெய்த மழை, எரிமலைச் சூட்டில் கொதித்துக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. வால்வைத் திறந்தால் மேலே வருகிறது. அந்த நீராவியில்தான் பாதித் தீவுக்கு விளக்கெரிகிறது. இத்தனை வருடத்திற்குப் பிறகும் அந்தக் குழாயைத் தொடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நவம்பர் 30-ஆம் தேதியோடு ரிக் ஒப்பந்தம் முடிகிறது. அது மலையை விட்டு இறங்கினால் திரும்ப ஏறாது, அதை வேறு நாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். உன் அட்டவணையின் நகல் ஒன்றை அடுத்த வாரத் தபால் பையில் போடு. எதைப் பார்த்து எங்களை மூடச் சொன்னாய் என்று நானும் பார்க்கிறேன்.

பெமியா


மகாதி, மணிலா
செப்டம்பர் 16, 1997

அன்புள்ள மானாங்,

அட்டவணை இணைத்திருக்கிறேன். கோபத்தோடு படித்தாலும் முழுதாகப் படி.

முதலில் உன்னிடம் சொல்லவில்லை, உண்மைதான். நீ என் அக்கா என்பதால்தான் சொல்லவில்லை. போர்டில் எல்லோருக்கும் அது தெரியும். உன்னிடம் கேட்டுவிட்டு எழுதினேன் என்றால், சாதகமாக எழுதினாலும் பாதகமாக எழுதினாலும் என் அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஐந்து வருடக் கணக்கு. மின்சாரம் விற்று வந்ததில் சம்பளம், பழுது, வட்டி, வரி எல்லாம் போகத் தொழில் கையில் தந்த பணம் நூற்று அறுபது கோடி பெசோ. அதே ஐந்து வருடத்தில் கிணறு, குழாய், சாலை, புதிதாகக் கட்டும் இரண்டாம் மின்நிலையம் என்று மூலதனச் செலவு நூற்று எண்பத்தொன்பது கோடி. தொழில் நூறு கொடுத்தால் நாம் நூற்றுப் பதினெட்டு செலவழிக்கிறோம். அந்தப் பதினெட்டும் கடன். பாதிக் கடன் டாலரில். ஜூன் மாதம் ஒரு டாலர் இருபத்தாறு பெசோ. இன்று முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. ரிக் வாடகையும் டாலரில்தான். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா?

உனக்கு மட்டும்தான் உடம்பு சிலிர்க்கும் என்று நினைக்காதே. நூற்று எண்பத்தொன்பது கோடியை முதன்முதலாக ஒரே வரியில் எழுதியபோது பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அத்தனை பணத்தையும் நான் பார்த்தேயிராத ஒரு காட்டுக்குள், தட்டு அகலத் துளைகளிலும் சிமெண்டிலும் கொட்டியிருக்கிறோம். நம்பித்தான் கொட்டியிருக்கிறோம். எதை நம்பி என்று யாரும் கேட்டதில்லை.

நான் எழுதியது இதுதான். பதினொன்றாம் கிணற்றை நிறுத்துவோம், இரண்டாம் மின்நிலையத்தை முடிப்போம். காரணம் உன் அறிக்கைகளேதான். பத்துக் கிணறு, ஒவ்வொன்றும் ஆறு மெகாவாட், மொத்தம் அறுபது என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறாய். முதல் நிலையம் முப்பத்தாறைத்தான் எடுக்கிறது. மீதி இருபத்து நாலு சும்மா இருக்கிறது. இரண்டாம் நிலையம் முடிந்தால் அதை விற்கலாம். நீராவி மிஞ்சிக் கிடக்கும்போது இன்னொரு கிணறு எதற்கு? என் இடத்தில் நீ இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பாய்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆறு கிணறு இருந்த 1988-லும் நாம் விற்றது முப்பத்தாறு. பத்துக் கிணறு இருக்கும் இப்போதும் முப்பத்தாறு. அந்த இருபத்து நாலும் கீழே பத்திரமாக இருக்கிறதுதானே?

உன் தம்பி
ரொகாசியானோ


ஹினாவான் முகாம்
செப்டம்பர் 29, 1997

டோங்,

போன வாரப் பையில் என் கடிதம் வரவில்லை என்று பார்த்திருப்பாய். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். உன் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

இப்போது எழுதுகிறேன். அந்த இருபத்து நாலு இல்லை.

ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு. நாலு கிணறும் போய்விட்டன. என் அறிக்கையில் அவற்றுக்கு நேராக ‘ஓய்வில்’ என்று இருக்கும். நீ அதைக் கையிருப்பு என்று படித்திருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். படிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கிணறு திறக்கும்போது பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, ஞானத்தகப்பன், ஞானத்தாய் வைத்து, பன்றி சுட்டுச் சாப்பிடுவோம், உனக்குத் தெரியும். நம் முதல் மேலாளர் ஆரம்பித்து வைத்த வழக்கம். மலைக்காரர்கள் நம்மை நம்பியதே அதனால்தான். 91-இல் ஒன்றாம் கிணறு படுத்துவிட்டது. மூடல் பத்திரத்தை எழுதி மேலாளரிடம் கொண்டுபோனேன். “பெமியா, அதுக்கு ஞானத்தகப்பன் பங்குச் சாமியார். அவர்கிட்டப் போய் உங்க பிள்ளை செத்துட்டான்னு யார் சொல்றது? நீ சொல்றியா? ஓய்வுன்னு போடு” என்றார். போட்டேன். வேடிக்கை என்னவென்றால், எட்டு மாதம் சும்மா விட்டதில் அது கொஞ்சம் தேறி மூன்று மாதம் ஊதியது. ஓய்வு எடுத்தால் எழுந்துவிடும் என்று நானும் நம்பிவிட்டேன். 93-இல் நான் பொறுப்புக்கு வந்தேன். அதற்குப் பிறகு மூன்றுக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் ‘ஓய்வில்’ என்று எழுதியது என் கைதான். அவற்றில் ஒன்றுகூட எழவில்லை.

ஏழு முதல் பத்து வரைக்கும் ‘விரிவாக்கம்’ என்று எழுதினேன். விரிவாக்கம் ஒன்றும் நடக்கவில்லை. போன நாலுக்குப் பதில் வந்த நாலு, அவ்வளவுதான். இந்த மலை வருடத்துக்கு இருபதில் ஒரு பங்கை இழந்துகொண்டே வருகிறது. இப்போது இரண்டாம் கிணறு இருமுகிறது. பதினொன்று அதற்குப் பதில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அதை உன் தட்டிலேயே வைத்திருக்கிறேன். இரண்டாம் மின்நிலையம் கட்ட ஆரம்பித்தபோதே அதற்கு ஆவி இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குள் இன்னும் இரண்டு கிணறு தோண்டிவிடலாம், சரிக்கட்டிவிடலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

பெமியா


மகாதி
அக்டோபர் 7, 1997

மானாங்,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையை மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நம் வீட்டுக் கதையாகும் என்று நினைக்கவில்லை.

உன் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதலில் உன் மேல் எரிச்சல் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து என் மேலேயே வந்தது. நான் என்ன செய்யவிருந்தேன் தெரியுமா? உயிர் கொடுக்கும் கிணற்றை நிறுத்திவிட்டு, ஊத ஆவியே இல்லாத ஒரு மின்நிலையத்தைக் கட்டி முடிக்கச் சொல்லியிருந்தேன். போர்டும் தலையாட்டிவிட்டது. இரண்டு வருடம் கழித்து பளபளக்கும் டர்பைன் ஒன்று நின்றிருக்கும். அதைச் சுற்ற வைக்க ஒரு மூச்சுக்கூட மிஞ்சியிருக்காது. அட்டவணை மட்டும் அழகாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்த நூற்று எண்பத்தொன்பது கோடியையும் பிரித்தேன். ஒவ்வொரு ரசீதையும் எடுத்து, ‘இது இருப்பதை இருக்க வைக்கவா, புதிதாக வளர்க்கவா?’ என்று கேட்டேன். எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கிணறு, குழாய், பழுதான எந்திரம் மாற்றியது, எல்லாம் நின்ற இடத்தில் நிற்பதற்காக: தொண்ணூற்றொன்பது கோடி. இரண்டாம் நிலையம்: தொண்ணூறு கோடி. தொழில் நூறு தந்தால், நிற்பதற்கே அறுபத்திரண்டு போகிறது. ஐம்பத்தாறை ஒரு கனவில் போட்டிருக்கிறோம்.

அந்த அறுபத்திரண்டைப் பார்த்து மலைத்துப் போனேன். தொழில் தந்த பணம் ஒரு பக்கம், மூலதனச் செலவு மறு பக்கம், இரண்டும் எதிரிகள் என்று நினைத்துத்தான் இத்தனை காலம் கோடு போட்டேன். இன்றைய கிணற்றுச் செலவுதான் நாளைய வரவாக அந்தப் பக்கம் ஏறுகிறது. ஒரே ரத்தம் சுற்றி வருகிறது, மானாங். நான் நடுவில் கயிறு கட்டப் பார்த்தேன்.

இனி கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். இதை போர்டில் வைக்க வேண்டுமானால் நாலு கிணற்றுக்கும் மூடல் பத்திரம் வேண்டும், உன் கையெழுத்தோடு. வைத்தால் பதினொன்றாம் கிணறு பிழைக்க வழியிருக்கிறது. ஆனால் உன் ஆறு வருட அறிக்கையும் பொய்யென்று ஆகும். வேலை போகலாம். ஐந்தாம் கிணற்றுக்கு ஞானத்தகப்பன் யாரென்று உனக்கு நினைவிருக்கும். நம் போர்டுத் தலைவர் டோன் லியோகாதியோ.

கையெழுத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. போடாமல் விட்டாலும் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

ரொகாசியானோ


ஹினாவான் முகாம்
அக்டோபர் 20, 1997

டோங்,

நாலு பத்திரமும் இந்த உறையில் இருக்கின்றன. பத்திரமாக எடுத்து வை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஞானத்தகப்பன், ஞானத்தாய்மாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஐந்தாம் கிணற்றுக்காரரிடம் மட்டும் நீதான் போர்டில் சொல்ல வேண்டும். ஒன்றாம் கிணற்றுச் சாமியார் இறந்து நாலு வருடமாகிறது. அவருக்குப் பயந்து எழுதாமல் விட்டோம், அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் கிணற்றுக்கு முன்னாள் மேயர். ஜீப்பிலிருந்து நான் இறங்கியதுமே சாக்லேட் பானமும் புட்டும் கொண்டுவரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என் பிள்ளை செத்துப் போச்சுன்னு எழுதுவியா? மே மாசம் தேர்தல்ல நிக்கிறேன், தெரியுமில்ல? எதிராளி காதுல விழுந்தா ‘இவன் கைவெச்ச கிணறே விளங்கல’ம்பான்.”

“உங்ககிட்ட அனுமதி கேக்க வரல ஐயா. ஊரு சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நான் சொல்லிடலாம்னு வந்தேன்.”

கோப்பையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, “எத்தனை வருசம் ஓடிச்சு?” என்றார். ஐந்து என்றேன். “நான் மேயரா இருந்ததைவிட ரெண்டு வருசம் கூட” என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆறாம் கிணற்றின் ஞானத்தாய் சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாங் கொன்சிங். அவளிடம் சொல்வதைத்தான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் கிணற்றின் பிறந்தநாளுக்குக் கோயிலில் மெழுகுவத்தி வைக்கிறவள் அவள்.

“செத்து மூணு வருசமாச்சா? அடிப் பாவி, ஒரு பூசைகூட வைக்காம விட்டுட்டியே! உசிரோட இருக்கிறவனுக்கு வைக்கிற மெழுகுவத்தியை இல்ல வெச்சிட்டிருந்தேன்!” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அழுது முடித்துவிட்டு, “சரி, இருந்த காலத்துல என்ன பண்ணிச்சு என் பிள்ளை?” என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆறு வருடம், நாற்பதாயிரம் வீட்டுக்கு விளக்கு.

மீன் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “நாப்பதாயிரம் வீடா?” கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா? நாப்பதாயிரம் வீடு! என் பிள்ளை!” சிலுவை போட்டுக்கொண்டாள். என்னிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் ஆறாம் கிணற்றுக்குப் போனேன். இரும்பில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் பக்கத்தில் நின்றால் பல் ஆடும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று அவள் கேட்கும் வரைக்கும் நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. செத்ததை மறைப்பதிலேயே இருந்துவிட்டேன். வாழ்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே ஜீப் முகப்பில் வைத்து நாலு பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

என் வேலை போகும் என்று எழுதியிருந்தாய். போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதினொன்றைத் தோண்ட வை.

உன் அக்கா


மகாதி
நவம்பர் 25, 1997

மானாங்,

ரேடியோவில் செய்தி வந்திருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன்.

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது, புதியது. பழையதைக் காட்டி, “இது நான் செய்த தப்பு” என்றுதான் ஆரம்பித்தேன். பத்துக் கிணற்றில் நாலு இல்லை என்றேன்.

டோன் லியோகாதியோ கண்ணாடியைக் கழற்றினார். “எந்த நாலு?”

“ஒண்ணு, மூணு, அஞ்சு, ஆறு.”

“அஞ்சு என் ஞானப்பிள்ளை.”

“ஆமாங்க.”

“போன கிறிஸ்துமஸ் விருந்துல அது எப்படி இருக்குன்னு உங்க அக்காகிட்டக் கேட்டேன். ஓய்வெடுக்குதுன்னு சொன்னாங்க. நல்லா ஓய்வெடுக்கட்டும்னு நானும் சொன்னேன்.” ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. “நிக்கிறதுக்கு அறுபத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. நிக்காம இருந்தா?”

அடுத்த தாளைக் காட்டினேன். பதினொன்றும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை என்றால் வருடா வருடம் என்ன ஆகும் என்று கோடு போட்டிருந்தேன். முப்பத்தாறு, முப்பத்து நாலு, முப்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே போகும். முதல் இரண்டு வருடம் செலவில்லாததால் கையில் பணம் கொட்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆறாம் வருடம் கடன் வட்டி கட்டவே பணம் இருக்காது. அந்தக் கோட்டை அவர் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். “பன்னிரண்டு வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். காலுக்குக் கீழ இப்படி ஓடிட்டிருக்கிறது தெரியவே இல்லையே” என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. கோயிலில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

முடிவு இது. இரண்டாம் மின்நிலையம் நிற்கிறது. டர்பைனை வந்த விலைக்கு விற்கப் போகிறார்கள். செத்த நாலு கிணற்றையும் கட்டிய சிமெண்டையும் கணக்கிலிருந்து கழித்தால் இந்த வருடம் நஷ்டம், பங்குதாரருக்கு ஒரு காசு கிடையாது. பதினொன்றாம் கிணறு உண்டு, அது முடியும் வரைக்கும் ரிக் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிவிட்டார்கள்.

உன்னைப் பற்றி. முகாம் பொறுப்பை ஜனவரி முதல் வேறொருவர் ஏற்பார். பதினொன்று முடியும் வரைக்கும் நீ ஆலோசகர். அதற்குப் பிறகு இல்லை. எதிர்த்துப் பேசினேன். “அந்தம்மா கையெழுத்துப் போட்டதாலதான் ஆலோசகர். போடாம இருந்து நான் கண்டுபிடிச்சிருந்தா போலீஸ்” என்றார் தலைவர். வீட்டுக்கு நடந்தே போனேன்.

நான் என் வேலையில் இருக்கிறேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரொகாசியானோ


ஹினாவான் முகாம்
பிப்ரவரி 17, 1998

டோங்,

உன் வேலையில் நீ இரு. இரண்டு கலும்பாங்கும் வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் மருந்துச் சீட்டை யார் பார்ப்பது? எனக்கு துமகெத்தே பல்கலைக்கழகத்தில் ஜூனிலிருந்து வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வேன்.

பதினொன்றாம் கிணற்றை இரண்டாயிரத்து நானூற்று முப்பது மீட்டரில் தோண்டி முடித்தோம். ஆயிரத்து தொள்ளாயிரத்தில் ஒரு இடத்தில் உள்ளே விடும் தண்ணீரெல்லாம் திடீரென்று காணாமல் போனது. பாறையில் விரிசல் இருந்தால் அப்படித்தான் குடிக்கும், ஆவி மேலே வருவதும் அந்த விரிசல் வழியாகத்தான். ரிக் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள், கோயிலில் மணியடித்த மாதிரி. இப்போது வால்வை மூடிச் சூடேற விட்டிருக்கிறோம். கீழே இருநூற்று எழுபது டிகிரி. ஒவ்வொரு காலையும் கருவியைக் கீழே இறக்கி அளந்துவிட்டு, அந்த எண்ணை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆழத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, எதுவும் அங்கே போய் உயிரோடு திரும்பியதில்லை. ஆனாலும் ஒரு கம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது.

சூடு இருப்பதால் மட்டும் ஊதும் என்று சொல்ல முடியாது. சூடான ஊமைக் கிணறும் உண்டு. அப்படி ஆகிவிட்டால் உன் தலையும் உருளும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 7, சனிக்கிழமை காலை திறக்கிறோம். ஆட்கள் கூடிப் பேசி ஞானத்தகப்பனாக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெபெங்தான் பெயரைச் சொன்னாள். “செலவு பண்ணின மனுசன் வந்து பாக்கட்டும், இந்தத் தடவை காரை விட்டு இறங்கச் சொல்லுங்க” என்றாள்.

பெமியா


துமகெத்தே துறைமுகம்
மார்ச் 8, 1998

மானாங்,

கப்பல் மாலையில்தான் கிளம்புகிறது. மணிலா போய்ச் சேரும் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. காத்திருந்தால் அங்கே போய் மறுபடியும் நிதி அதிகாரி ஆகிவிடுவேன். காதுக்குள் இன்னும் இரைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏதோ கேட்கிறார், தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

எனக்கு என்ன நடந்தது என்று நீ பார்த்திருக்க மாட்டாய். நீ வால்வுச் சக்கரத்தோடு இருந்தாய். சாமியார் தண்ணீர் தெளித்தார், மலைக்காரர் ஒருவர் சேவல் ரத்தம் விட்டார், எனக்குக் காதில் அடைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். நான் கையில் ஒரு நோட்டோடு நின்றேன். பழக்கம்தானே. நீ சக்கரத்தைத் திருப்பினாய். முதலில் ஒன்றும் வரவில்லை. ஒரு பெருமூச்சு வந்தது, அதுவும் நின்றது. செத்தே பிறந்துவிட்டது என்று நினைத்தேன். தாளில் பத்து கோடி என்று போட்டு, டாலர் ஏறியதில் பதினாலு கோடியாகிவிட்ட அந்தச் செலவு முழுக்க என் கண்முன் போனது. புது மேலாளர் என் பக்கம் பார்க்காமல் காலணியைப் பார்த்தார்.

நீ மட்டும் கை எடுக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று திருப்பினாய்.

பிறகு வந்தது. சேறு வந்தது, கல் வந்தது, கறுப்பாகத் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளையாக, நேராக, நிற்காமல், வானத்தை நோக்கி. எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை, அண்ணாந்து பார்த்துத் தொப்பி விழுந்துவிட்டது. சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை. நெஞ்செலும்பில் கேட்டேன். நிலம் காலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டே இருந்தது. எட்டு வருடமாக ‘துளையிடல் செலவு’ என்று ஒரு வரி எழுதிக் கீழே கோடு போட்டு வந்திருக்கிறேன். அந்த வரி இதுதான் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. நீ சொன்னாய், நான்தான் காரை விட்டு இறங்கவில்லை.

அழுதேன். பக்கத்தில் நாங் கொன்சிங் நின்றிருந்தாள், அவளும் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ‘நாற்பதாயிரம்’ என்று அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நீ கருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏழு விரலைக் காட்டினாய். ஏழு மெகாவாட். ரிக் ஆட்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உனக்கு இனி அங்கே வேலை இல்லை என்பது அவர்கள் யாருக்கும் நினைவில்லை. உனக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ காதில் கையை வைத்து “என்ன?” என்று கேட்டாய். இன்னொரு தடவை கத்தினேன். உனக்கு அப்போதும் கேட்கவில்லை, நல்ல காலம் புது மேலாளருக்கும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டேன். இரவு விருந்தில் மறுபடி கேட்டாய், மழுப்பினேன். கடன்காரக் கம்பெனியின் நிதி அதிகாரி சொல்லக்கூடாத வார்த்தை அது. வரவும் செலவும் நூறும் அறுபத்திரண்டும் எதுவுமே அந்த நிமிடம் என் தலையில் இல்லை. இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

“மானாங், இன்னொண்ணு தோண்டுவோம்!” என்றுதான் கத்தினேன்.

டோங்